பழைய பிளாஸ்டிக் புழுவில் பாஸ் மீன் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மீன்பிடிப் பெட்டியின் அடித்தட்டில் பல வருடங்களாகக் கிடந்த பிளாஸ்டிக் புழுக்களை, அதாவது புழு வடிவில் வார்த்த செயற்கை இரைகளை, கண்டால் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் அப்படியே குப்பையில் போடுகிறார்கள். மற்றவர்கள் புதுப் புழுவைப் போலவே முள்ளில் கோத்து, பத்து முறை வீசி, மீன் தொடவில்லை என்று சொல்லிவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள். இரண்டாவது வகையினர் ஒருவகையில் முதல் வகையினரைவிட மோசம். பொழுதையும் சேர்த்து வீணாக்குகிறார்கள்.

பழைய புழுவில் மாறியிருப்பவை மூன்று: அதன் மென்மை, வடிவம், மணம். பாஸ் மீனை, அதாவது அமெரிக்க ஏரிகளின் நன்னீர் வேட்டை மீனை, பொறுத்தவரை நீளமான, மெலிந்த, அடித்தரையில் நெளியும் எதுவும் இன்னும் இரைதான். ஆகவே கையில் உள்ள புழு இன்று எந்த நிலையில் இருக்கிறதோ, அதற்கேற்ற கட்டமைப்பில் (முள், குண்டு, புழு மூன்றையும் சேர்த்துக் கோக்கும் முறை; ஆங்கிலத்தில் ‘ரிக்’) அதைக் கோக்க வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும் பயன் அது புதிதாக இருந்தபோது சொன்னது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரே கணக்கின் மேல்தான் நிற்கிறது.

புழு ஏன் கெடுகிறது

பெரும்பாலான பிளாஸ்டிக் புழுக்கள் பிளாஸ்டிசால் என்ற கலவையில் வார்க்கப்படுபவை. அதாவது பி.வி.சி. தூளும், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டித் திரவமும் சேர்ந்தது. 1949இல் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நிக் கிரீம் வார்த்த புழுக்களும் வினைல் பிளாஸ்டிக்கால் ஆனவைதான். பிறகு அவருடைய தொழில் டெக்சாஸின் டைலர் நகருக்கு இடம் மாறியது. அந்த வட்டாரத்தின் மரங்கள் மூழ்கிய ஏரிகளில்தான் இன்று டெக்சாஸ் ரிக் என்று அழைக்கப்படும் முறை பரவியது.

நெகிழ்வூட்டி புழுவுக்குள் கட்டுண்டு கிடப்பதில்லை. மெல்ல மெல்ல வெளியே கசிகிறது. கசிந்தது மேற்பரப்பில் நின்றால் புழு பிசுபிசுக்கும். போயே போய்விட்டால் புழு விறைக்கும். வெயிலும் சூடும் இதை விரைவுபடுத்தும். கசியும் அதே திரவம் பாலிஸ்டைரீன் போன்ற கடினப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பழைய பெட்டிகளின் அறைகள் உருகி, புழுக்கள் தரையோடு ஒட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே உறையில் இரண்டு நிறப் புழுக்களைப் போட்டால் சாயம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்குவதற்கும் இதுவே காரணம்.

பிந்தைய காலத்தில் வந்த சில புழுக்கள் வேறு வகை. ரப்பர் பட்டைபோல் பல மடங்கு இழுபடும் எலாஸ்டோமரில் செய்யப்பட்டவை. பெரும்பாலும் நீரில் மிதக்கும். இவற்றையும் பிளாஸ்டிசால் புழுக்களையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும். எனவே தரம் பிரிக்க உட்காரும்போது முதலில் ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி நீளுபவற்றைத் தனி உறையில் ஒதுக்குங்கள். இனி வரும் சூடு தொடர்பான குறிப்புகள் அனைத்தும் பிளாஸ்டிசாலுக்கு மட்டுமே.

தண்ணீரில் போடுவதற்கு முன் ஒரு பார்வை

அட்டையோடு, உறை பிரிக்காமல் இருக்கும் மிகப் பழைய புழுக்கள் கிடைத்தால் சற்று நிறுத்துங்கள். பழைய மீன்பிடிப் பொருள்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறையும் அட்டையும்தான் முக்கியம். உறை கிழிந்து, புழுக்கள் பெட்டிக்குள் சிதறிக் கிடந்தால் தயக்கமே வேண்டாம். மீனுக்கே கொடுங்கள்.

முதல் படி: மடக்கிப் பார்த்து வகை பிரித்தல்

நிறம் பார்த்துப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் வரும் பழக்கம். அதை விடுங்கள். ஒவ்வொரு புழுவையும் தலையும் வாலும் தொடும்படி மடக்கி, இரண்டு நொடி பிடித்து விடுங்கள்.

உடனே நிமிர்ந்து, நுனி இன்னும் துடித்தால் அது நல்ல புழு. வயதை மறந்துவிடலாம். மடங்க மறுத்து, விட்டதும் கம்பிபோல் நீண்டு நின்றால் அது விறைத்த புழு. தூக்கிப் போட வேண்டாம், அதற்குத் தனி வேலை இருக்கிறது. மடங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து கீறல் தெரிந்தால் அது முள்ளைத் தாங்காது. தலைப்பகுதி கிழிந்து, உடல் நன்றாக இருப்பவை நான்காவது குவியல். வால் அறுந்தவை ஐந்தாவது. எண்ணெய் வடிந்து கூழாகிப் போனவையும், தொட்டால் பொடிபவையும் கடைசிக் குவியல். அவை மீன்பிடிக்க உதவாது.

அடுத்து, கண்ணாடிக் குவளை ஒன்றில் தண்ணீர் நிரப்பி, குவியலுக்கு ஒரு புழுவை முள்ளில்லாமல் போட்டுப் பாருங்கள். உப்புச் சேர்த்து வார்க்கப்பட்ட புழு சட்டென்று மூழ்கும். உப்பில்லாத பழைய புழுக்கள் மெல்ல இறங்கும், சில மிதக்கவும் செய்யும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இரையை மூழ்கடிக்க எந்த எடைக் குண்டு போடுவது, அடித்தரையில் புழு படுக்குமா நிமிர்ந்து நிற்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இதிலேயே பதில் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: கழுவுதலும் நிமிர்த்துதலும்

பிசுபிசுப்பு உள்ளவற்றை வெதுவெதுப்பான நீரில், மணமில்லாத சோப்பு சில துளிகள் விட்டு அலசுங்கள். சோப்பு வாசம் போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவித் துணியில் பரப்பி, நிழலில் உலர விடுங்கள். வெயிலில் காயப்போடுவது இவ்வளவு நேரம் பட்ட பாட்டைக் கெடுத்துவிடும்.

வளைந்து, கோணிப் போன புழுதான் பழைய பெட்டியின் பெரிய தொல்லை. கோணலான புழு நீரில் இழுக்கும்போது சுழலும். சுழன்றால் நரம்பு (தூண்டில் நூல்) முறுக்கேறும். முறுக்கேறிய நரம்பு ரீலில் சிக்கு விழும். மீன் கிடைக்காததுகூடப் பரவாயில்லை, அந்தச் சிக்கை எடுப்பதுதான் கொடுமை. வெந்நீர் போதும், இதைச் சரிசெய்யலாம்.

சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்குங்கள். இடுக்கியால் புழுவைப் பிடித்து அரை நிமிடம் மூழ்க வையுங்கள். தடித்த புழுவென்றால் ஒரு நிமிடம். எடுத்ததும் சமமான தட்டில் நேராகக் கிடத்துங்கள். சுருள்வால் புழுவாக இருந்தால் தலையைக் கிடுக்கியில் மாட்டித் தொங்க விடுவது நல்லது. வால் தன் எடையிலேயே பழைய வளைவுக்குத் திரும்பும். பிறகு குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தால் அந்த வடிவம் நிலைக்கும். ஒரே முறையில் நேராகாவிட்டால் மீண்டும் செய்யுங்கள்.

விறைத்த புழுவும் வெந்நீரில் மென்மையாகும்தான். ஆனால் ஆறியதும் மறுபடி விறைத்துவிடும், ஏனென்றால் உள்ளிருந்து போன நெகிழ்வூட்டியை வெந்நீர் திருப்பித் தராது. கடைகளில் விற்கும் புழு எண்ணெய்களும் மேற்பரப்பைப் பளபளப்பாக்கும், ஒட்டாமல் வைக்கும், மணம் ஏற்றும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விறைப்பைப் போக்க மெனக்கெடுவதைவிட அதைப் பயன்படுத்திக்கொள்வதே என் கட்சி.

மணத்துக்கு வருவோம். நெடுநாள் அடைந்து கிடந்த புழுவில் பெட்டி வாடையும் பிளாஸ்டிக் வாடையும் கலந்திருக்கும். சோம்பு எண்ணெய் பழங்காலத்திலிருந்தே பாஸ் பிடிப்பவர்கள் கையாளும் பொருள். உறைக்குள் நான்கைந்து துளி விட்டு, குலுக்கி, ஓரிரவு வைத்தால் போதும். பூண்டு மணமுள்ள தயாரிப்புகளும் உண்டு. அலபாமாவின் யூஃபாலாவைச் சேர்ந்த டாம் மான் தன் ஜெல்லி புழுக்களில் பழ மணமே சேர்த்து விற்றார். திராட்சை மணத்துக்காகவே மீன் கடித்ததா என்று எனக்கு ஐயம் உண்டு. மனித வாடையையும் பிளாஸ்டிக் வாடையையும் மறைத்தது என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: கிழிசலைச் சரிசெய்தல்

தலை கிழிந்த புழுவுக்கு மிக எளிய வைத்தியம் கத்தி. கிழிந்த பகுதியை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தலையில் கோத்துவிடலாம். ஏழரை அங்குலப் புழு ஏழு அங்குலமாவதை எந்த மீனும் அளந்து பார்ப்பதில்லை.

நடுவில் பிளந்திருந்தால் உடனடிப் பசை ஒரு துளி விட்டு, பிளவை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துளி சிறியதாக இருக்கட்டும். பசை காய்ந்த இடம் கட்டியாகும், அந்த இடத்தில் புழு நெளியாது. சூடாக்கிய கத்தி முனையைப் பிளவுக்குள் செலுத்தி, இரு பக்கமும் உருகியதும் உருவி எடுத்து ஒட்டுவது இன்னும் உறுதியான முறை. இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். புழுவை நேரடியாகத் தீயில் காட்டாதீர்கள். எரியும் பி.வி.சி.யிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும்.

நான்காம் படி: புழுவுக்கேற்ற கட்டமைப்பு

இதுதான் முக்கியமான பகுதி.

*மென்மை மாறாத சுருள்வால் புழு: டெக்சாஸ் ரிக்*

ஆறு முதல் ஏழரை அங்குலப் புழுவுக்கு 3/0 அல்லது 4/0 அளவுள்ள புழு முள் வேண்டும். முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கட்டும் துளைக்கு) கீழே படிபோல் மடிந்த வகை நல்லது. தோட்டா வடிவக் குண்டு, ஐந்து முதல் பத்து கிராம். நரம்பு 12 முதல் 17 பவுண்டு வலிமை.

1. குண்டின் கூரிய முனை கோலை நோக்கி இருக்கும்படி நரம்பில் கோத்து, பிறகு முள்ளைப் பலோமர் முடிச்சால் (நரம்பை இரட்டையாக மடித்துக் கட்டும் முடிச்சு) கட்டுங்கள்.
2. புழுத் தலையின் சரியான நடுவில் முள்முனையை அரை சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள்.
3. முள்ளின் கண் தலைக்குள் புதையும்வரை புழுவை மேலே ஏற்றி, முள்ளை அரைச் சுற்றுத் திருப்புங்கள். இப்போது முனை புழு உடலைப் பார்க்கும்.
4. புழுவை முள்ளோடு சேர்த்துத் தொங்கவிட்டு, வளைவின் அடி எங்கே தொடுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் நேராகக் குத்துங்கள்.
5. மேலிருந்து பாருங்கள். புழு நேராக இல்லையென்றால் உருவிவிட்டு மறுபடி கோக்க வேண்டும். சிறு சுருக்கம் இருந்தாலும் சுழலும்.

வழக்கமாக முனையைப் புழுவுக்குள்ளேயே மறைத்து வைப்பார்கள். மரத்திலும் களையிலும் சிக்காமல் இருக்க. பழைய புழுவுக்கு அது பொருந்தாது. புதுப் புழுவில் முனை வெண்ணெய்க்குள் கத்திபோல் வெளியே வந்துவிடும். வயதான பிளாஸ்டிக்கில் அது சிக்கிக்கொள்ளும். மீன் வாயில் முள் ஏற நீங்கள் கோலைச் சுண்டும் விசையில் பாதி பிளாஸ்டிக்கைத் துளைப்பதிலேயே போய்விடும். ஆகவே முனையை மறுபுறம் முழுவதும் வெளியே கொண்டுவந்து, புழுவின் முதுகுத் தோலில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் செருகுங்கள். களையில் சிக்காது, மீன் வாயில் தடையின்றி ஏறும். பழைய புழுவில் கடி வருகிறது, மீன் ஏறவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

*விறைத்த நேர்ப்புழு: கரோலினா ரிக்*

விறைப்பைக் குறையாகக் கருதுகிறவர்கள் ஜாக் சான்செலரை நினைத்துக்கொள்ளலாம். 1985இல் ஆர்கன்சா ஆற்றில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை அவர் வென்றது ‘டூ நத்திங்’ என்ற சிறிய, விறைப்பான நேர்ப்புழுவால். பேருக்கேற்றபடி அந்தப் புழு எதுவும் செய்யாது. நெளியாது, துடிக்காது, வாலாட்டாது. கனமான குண்டுக்குப் பின்னால் சும்மா இழுபட்டு வரும். டென்னசியின் சார்லி புரூவர் தன் ஸ்லைடர் புழுக்களுக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதே பாடம்தான்: ஆட்டாதே, சீராகச் சுற்று.

எனவே விறைத்த குவியலிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குல நேர்ப்புழுக்களைப் பொறுக்குங்கள். வால் அறுந்தவையும் இதற்கு ஆகும். அறுந்த இடத்தைக் கூம்பாகச் செதுக்கினால் போதும். முதன்மை நரம்பில் 14 முதல் 28 கிராம் குண்டு, அதன்பின் ஒரு கண்ணாடி மணி, அதன்பின் ஸ்விவல் (இரு முனையும் தனித்தனியாகச் சுழலும் சிறு இணைப்பு). ஸ்விவலின் மறுமுனையில் 60 முதல் 90 சென்டிமீட்டர் துணை நரம்பு, அதன் கடைசியில் 1/0 அல்லது 2/0 முள். குண்டு அடித்தரையில் உரசி மண்ணைக் கிளப்ப, புழு சற்று மேலே பின்தொடரும். குவளைச் சோதனையில் மெல்ல இறங்கிய, அல்லது மிதந்த புழுவாக இருந்தால் மிகவும் நல்லது. துணை நரம்புக்கு நைலானே பொருத்தம். ஃப்ளோரோகார்பன் மூழ்கிப் புழுவையும் கீழே இழுக்கும்.

கோக்கும் முன் முள் நுழையும் வழியைக் கூரிய கத்தியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். விறைத்த புழுவில் முள்ளை வலிந்து தள்ளினால் பிளந்துவிடும். அல்லது முனை உங்கள் விரலில் முடியும்.

ஏரியில் கூழாங்கல் திட்டு, கரையிலிருந்து நீருக்குள் நீளும் மேட்டு முனை, பழைய சாலையோ ஓடையோ மூழ்கிய இடம் ஆகியவை இதற்கு ஏற்றவை. கோலைப் பக்கவாட்டில் ஒரு முழம் மெல்ல இழுத்து, நரம்பைச் சுற்றி, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். அடர்ந்த களைக்குள் இதைக் கொண்டு போகாதீர்கள்.

*தலை கிழிந்த, உடல் மென்மையான நேர்ப்புழு: வாக்கி ரிக்*

இங்கே சொல்லும் கட்டமைப்புகளில் தலையில் முள் குத்தாதது இது ஒன்றே என்பதால் தலை கிழிந்த புழுக்களுக்கு மறுவாழ்வு இதில்தான். புழுவின் நடுவில் ஒரு ரப்பர் வளையத்தை ஏற்றி, வளையத்துக்கும் புழுவுக்கும் இடையே 1 அல்லது 1/0 முள்ளைக் குறுக்காகச் செருகினால் வேலை முடிந்தது. வளையம் இல்லாமல் நேரடியாகக் குத்தினால் இரண்டு மூன்று வீச்சில் புழு அறுந்து பறக்கும். பழைய புழு இன்னும் சீக்கிரம்.

குண்டு வேண்டாம். வீசி, நரம்பைத் தளர விட்டு, புழு தானாக மூழ்கட்டும். இரண்டு முனைகளும் படபடத்துக்கொண்டே இறங்கும். அந்தத் துடிப்புதான் இதன் உயிர். ஆகவே விறைத்த புழுவை இதில் போடுவது வீண். உப்புச் சேர்த்த, தடித்த குச்சிப் புழுக்கள், கேரி யமமோட்டோவின் செங்கோ போன்றவை, இதற்கென்றே பிறந்தவை. பழைய செங்கோவில் தலைப்பக்கம் கிழிந்திருக்கும், நடு உடல் அப்படியே இருக்கும். அதை ஏன் எறிகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் ஒரு தீமை: மீன் ஆழமாக விழுங்கிவிடும். நரம்பு நகர்ந்ததும் காத்திராமல் இழுங்கள். முள் எடுக்கும் நீண்ட இடுக்கி கையில் இருக்கட்டும்.

*துண்டுகள்: நெட் ரிக்*

இரண்டரை முதல் மூன்று அங்குலத் துண்டு, காளான் வடிவத் தலையுள்ள சிறிய ஜிக் முள் (தலையிலேயே எடை வார்த்த முள்), ஒன்றரை முதல் மூன்று கிராம். கான்சஸின் நெட் கெடி பெயரால் வழங்கும் இந்த முறையே ஐந்து அங்குலக் குச்சிப் புழுக்களைப் பாதியாக வெட்டிப் பயன்படுத்தியதில் வளர்ந்தது. வெட்டிய முகத்தைச் சமமாகச் செதுக்கி, ஜிக் தலையோடு இடைவெளியின்றி ஒட்டும்படி ஏற்றுங்கள். எலாஸ்டோமர் துண்டுகளுக்கு இது மிகப் பொருத்தம். பயன்பட்டு உப்புக் கரைந்துபோன துண்டு புதியதைவிட நன்றாக மிதக்கும், தரையில் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய கோல், எட்டுப் பவுண்டு நரம்பு, மிக மெதுவான இழுப்பு. தெளிந்த நீரிலும், பலர் மீன்பிடித்துப் பழக்கப்பட்ட ஏரிகளிலும் கைகொடுக்கும்.

முள்ளோடு விற்கப்பட்ட மிகப் பழைய புழுக்கள்

இரண்டு மூன்று முட்கள், வண்ண மணிகள், முன்னால் ஒரு சிறு காற்றாடி என்று முழுக் கட்டமைப்போடு வந்த புழுக்கள் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று கிடைத்தால் உள்ளே ஓடும் நரம்பை நம்பாதீர்கள். பழைய நைலான் வெளியே நன்றாகத் தெரியும். ஒரு நல்ல மீன் இழுத்ததும் அறுந்துபோகும். முட்களிலும் துரு உட்புறமாக ஏறியிருக்கும். பழைய நரம்பின் ஒரு முனையில் புது நரம்பைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்து உள்ளே செலுத்திக்கொள்ளலாம். அது வராவிட்டால் நீண்ட ஊசியால் புது வழி எடுங்கள். மணியையும் காற்றாடியையும் திரும்பப் பயன்படுத்துங்கள். அந்த வகைப் புழு மெல்ல, நேராக இழுத்து வருவதற்கே செய்யப்பட்டது, தூக்கிப் போட்டு ஆட்டுவதற்கு அல்ல.

இன்னொன்று: பெரும்பாலான ஏரிகளில் பாஸ் மீனின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடங்களைத் தாண்டுவது அரிது. முப்பது வருடங்களுக்கு முன் வழக்கொழிந்த ஓர் இரை இன்று அந்த ஏரியில் உள்ள எந்த மீனுக்கும் அறிமுகமானதல்ல. புதுமைக்காகக் காசு கொடுப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: வீச்சு, கடி, சுண்டல்

நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு புழுவுக்கு நல்ல காலம். காலையிலும் மாலையிலும் கரையோரக் களை விளிம்பு, சாய்ந்து விழுந்த மரம், படகுத்துறையின் நிழல். உச்சி வெயிலில் மூன்று முதல் ஆறு மீட்டர் ஆழம்.

டெக்சாஸ் ரிக்கை வீசியதும் புழு தரை தொடும்வரை நரம்பைக் கவனியுங்கள். கடிகளில் பெரும்பங்கு இறங்கும்போதே நடக்கிறது. நீர்மட்டத்தில் நரம்பு துள்ளினாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, தரையை அடைய வேண்டிய நேரத்துக்கு முன்பே தளர்ந்தாலோ அது மீன். தரை தொட்டபின் கோலை ஒன்பது மணி நிலையிலிருந்து பதினொரு மணி வரை மெல்ல உயர்த்தி, தாழ்த்தி, தளர்வைச் சுற்றுங்கள். புழு மீண்டும் விழும்போது நரம்பு லேசாக இறுக்கமாக இருக்க வேண்டும்.

கடி பெரும்பாலும் ‘டக்’ என்று ஒரு தட்டு. சில சமயம் எடை கூடியதுபோல் மட்டும் இருக்கும். மீன் இரையை வாய்க்குள் உறிஞ்சி, பிடிக்காவிட்டால் அதே விரைவில் துப்பிவிடும். மென்மையான, உப்புள்ள புழுவைச் சற்று நேரம் வைத்திருக்கும் என்பது பரவலான அனுபவம். விறைத்த, உப்பில்லாத புழுவில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே ‘மீன் நன்றாகக் கவ்வட்டும்’ என்று எண்ணிக்கொண்டு காத்திருக்கும் பழைய அறிவுரையைப் பழைய புழுவோடு சேர்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டு தெரிந்ததும் கோல் நுனியைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி, ஒரே வீச்சாக மேல்நோக்கிச் சுண்டுங்கள். கரோலினா ரிக்கில் மேல்நோக்கிச் சுண்டினால் விசை குண்டிலேயே தங்கிவிடும். பக்கவாட்டில் நீளமாக இழுத்து மீனின் எடையை உணர வேண்டும்.

மூன்று நான்கு மீன்களுக்குப் பிறகு புழு தளர்ந்துவிடும். குண்டு தலையைவிட்டு விலகி ஓடினால் பல்குத்தும் குச்சியின் முனையைக் குண்டின் துளையில் செருகி ஒடித்துவிடுங்கள். புழு முள்ளில் வழுக்கி இறங்கினாலும் அதே குச்சித் துண்டைத் தலைக்குக் குறுக்கே, முள்ளின் கண் வழியாகக் குத்திப் பூட்டலாம்.

நிறம் பற்றிச் சுருக்கமாக

கலங்கிய நீரில் கறுப்பும் கருநீலமும் அடர்ந்த ஊதாவும். தெளிந்த நீரில் பச்சைப் பழுப்பும் ஒளி ஊடுருவும் சாயல்களும். சாயம் கலந்து இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் போன புழு ஏறத்தாழ எப்போதும் சேற்றுப் பழுப்பில் வந்து முடிகிறது. இயற்கையில் பாஸ் தின்னும் பல உயிர்களின் நிறமும் அதுதானே. நிறத்துக்காக ஒரு பழைய புழுவை ஒதுக்க நான் காரணம் காணவில்லை.

பாதுகாப்பும் கழிவும்

மிஞ்சிய புழுக்களைப் பாலித்தீன் உறைகளில், நிறவாரியாக, உப்புள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து வையுங்கள். இங்கேதான் நிறம் பார்க்க வேண்டும். பெட்டி பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். முள்ளோடு கோத்த நிலையில் உப்புப் புழுவை வைக்கவே கூடாது, விரைவில் துருவேறும்.

கிழிந்த துண்டுகளைத் தண்ணீரில் எறியாதீர்கள். மீன்கள் அவற்றை விழுங்குகின்றன, வயிற்றில் செரிப்பதில்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் 2013இல் இவ்வகை இரைகளைத் தடைசெய்ய மசோதா வந்ததற்குக் காரணமே இதுதான். பழைய பெட்டியிலிருக்கும் ஈயக்குண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை. லூன் பறவைகள் அவற்றை விழுங்கி நஞ்சேறி இறப்பதால் மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை உண்டு. புழு பழையதாக இருக்கலாம், குண்டை மட்டும் டங்ஸ்டனாகவோ எஃகாகவோ மாற்றிவிடுங்கள். நீங்கள் போகும் நீர்நிலையின் விதிகளையும் படித்துவிடுங்கள்.

எதற்கும் ஆகாத பிளாஸ்டிசால் துண்டுகளை உருக்கி மறுபடி வார்க்கலாம். ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் அது கூழாகும். அதற்கு மேல் போனால் கருகி நச்சுப்புகை கிளம்பும் என்பதால் வெப்பமானி இல்லாமல் தொடங்காதீர்கள். திறந்த வெளி, பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, வாயு வடிகட்டும் முகக்கவசம் நான்கும் வேண்டும். துண்டுகள் எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும்; ஒரு துளி ஈரம் இருந்தாலும் நீராவியாகிக் கொதிக்கும் பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்கவிடும். எலாஸ்டோமர் துண்டு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. விறைத்த துண்டுகள் மட்டும் என்றால் புதிய பிளாஸ்டிசால் கொஞ்சமோ, தனியாக விற்கும் நெகிழ்வூட்டியோ சேர்த்தால் மென்மை திரும்பும். வெந்நீரால் முடியாதது இங்கே முடிகிறது. அலுமினிய அச்சிலோ சிலிக்கோன் அச்சிலோ ஊற்றி, ஆறியதும் எடுத்துக் குளிர்ந்த நீரில் நேராகக் கிடத்துங்கள். உருக்கிய பாத்திரத்தையும், அதற்குப் பயன்படுத்திய மைக்ரோவேவ் அடுப்பையும் இனி உணவுக்கு எடுக்கக் கூடாது.